நாட்பட்ட ஈறு நோய்க்குத் துணை மருந்துகளும் ஊட்டச்சத்துகளும்: எதை, எப்போது, எவ்வளவு நாள்

நாட்பட்ட ஈறு நோய்க்கு மருந்து உண்டா என்று கேட்பவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது, மருந்து உண்டு, ஆனால் அது இரண்டாவது இடத்தில்தான் நிற்கும் என்பதே. பல்லின் வேரை ஒட்டி ஈறுக்கு அடியில் படிந்திருக்கும் நுண்ணுயிர்ப் படலத்தை, வாய் கொப்பளித்தால் போய்விடும் அழுக்காக நினைத்துவிடக் கூடாது. பல வகைப் பாக்டீரியாக்கள் தாமே சுரந்த பிசினுக்குள் புதைந்து, ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு வாழும் குடியிருப்பு அது. அதன் மேற்பரப்பைத் தாண்டி உள்ளே மருந்து செல்வது கடினம்; கெட்டியான பற்காரையை எந்த மாத்திரையும் கரைக்காது. எனவே கருவியைக் கொண்டு வேர்ப்பரப்பைச் சுரண்டிச் சுத்தம் செய்யும் ஆழ் சுத்தம் முதலில் நடக்க வேண்டும். இந்தக் கட்டுரையில் சொல்லப்படும் மருந்துகளும் சத்துகளும் அந்தச் சுத்தத்துடன் சேர்ந்து வரும்போது மட்டுமே பொருள் உள்ளவை. சுத்தம் செய்யாத வேரின் மேல் விலை உயர்ந்த ஜெல்லைத் தடவுவதும், சுத்தத்தைத் தள்ளிப்போட்டுவிட்டு வைட்டமின் மாத்திரை சாப்பிடுவதும் நோய்க்கு நாம் கொடுக்கும் கால அவகாசம் என்றே நான் கருதுகிறேன். அந்த அவகாசத்தில் கரையும் எலும்பு தானாகத் திரும்பி வளர்வதில்லை.

முதலில் அளவெடுங்கள்

பல் மருத்துவர் மெல்லிய அளவுகோலை ஈறுக்கும் பல்லுக்கும் இடையே நுழைத்து, ஒவ்வொரு பல்லிலும் ஆறு இடங்களில் ஆழம் பார்ப்பார். 1 முதல் 3 மி.மீ. வரை இருப்பது இயல்பு. 4 மி.மீ. ஆழமும் அதோடு இரத்தக் கசிவும் இருந்தால் கவனம் தேவை, 6 மி.மீ. அல்லது அதற்கு மேல் என்றால் அது ஆழமான ஈறுப் பை. அந்த அட்டவணையின் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்றின் எதிரே, அதன் ஒரு பக்கத்து மூன்று இடங்களுக்கு, 3, 2, 6 என்று எழுதி, ஆறின் மேல் ஒரு சிவப்புப் புள்ளி வைத்திருந்தால், அந்தப் பல்லின் ஒரு மூலையில் மட்டும் ஈறு பல்லை விட்டுப் பிரிந்து பையாகி இருக்கிறது, அங்கே தொட்டவுடன் இரத்தம் வந்தது என்று பொருள். பல் துலக்கியின் இழை அந்த ஆழத்துக்கு எட்டாது. வாய் கொப்பளிக்கும் திரவமும் எட்டாது. துணை மருந்து தேவையா, தேவையென்றால் வாய் முழுவதற்குமா அல்லது அந்த ஒரு மூலைக்கு மட்டுமா என்பதை அந்த எண்கள்தாம் தீர்மானிக்க வேண்டும்.

அதே நாளில் நீங்கள் சாப்பிடும் எல்லா மருந்துகளின் பட்டியலையும் கொடுங்கள். வலிப்பு நோய்க்கான ஃபெனிடாயின், உறுப்பு மாற்றம் செய்தவர்கள் எடுக்கும் சைக்ளோஸ்போரின், இரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின், நிஃபெடிபின் ஆகியவை சிலருக்கு ஈற்றைத் தடிக்கச் செய்யும். அப்படி இருந்தால் புதிய மருந்தைச் சேர்ப்பதைவிட, பழைய மருந்தை மாற்ற முடியுமா என்று அதை எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் கேட்பதே சரியான துணைச் சிகிச்சை. தாமாக நிறுத்துவது ஆபத்து. எலும்புத் தேய்வுக்கு பிஸ்பாஸ்போனேட் வகை மருந்து எடுப்பவர்களும், இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்களும் அதை மறக்காமல் சொல்ல வேண்டும்.

சர்க்கரை நோயையும் புகையையும் விட்டுவிட்டுப் பேசினால் மற்றதெல்லாம் வீண். 2018-இல் வெளியான ஈறு நோய் வகைப்பாட்டில், நாளொன்றுக்கு 10 சிகரெட்டோ அதற்கு மேலோ புகைப்பதும், சர்க்கரை நோயாளியின் ஹெச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் இரத்த அளவு) 7 சதவீதமோ அதற்கு மேலோ இருப்பதும், நோய் வேகமாக முன்னேறும் பிரிவில் ஒருவரைச் சேர்க்கும் காரணங்களாக வைக்கப்பட்டுள்ளன. இது இரு வழிப் பாதை. ஈறு நோய்க்குச் சிகிச்சை பெற்ற சர்க்கரை நோயாளிகளின் ஹெச்பிஏ1சி மூன்று நான்கு மாதங்களில் சராசரியாக 0.4 சதவீதப் புள்ளி அளவுக்குக் குறைவதை ஆய்வுகளின் தொகுப்புகள் காட்டுகின்றன. கீழே வரும் எந்தத் துணை மருந்தின் பலனையும்விட, புகையை நிறுத்துவதும் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருவதும் தரும் பலன் பெரிது.

குளோர்ஹெக்சிடின் கொப்பளிப்பு: இரண்டு வாரத்துக்கான மருந்து

1970-இல் டென்மார்க்கில் லோ, ஷியாட் என்ற இரு ஆய்வாளர்கள், பல் துலக்குவதை நிறுத்திய இளைஞர்களை குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியின் 0.2 சதவீதக் கரைசலால் நாளுக்கு இருமுறை கொப்பளிக்கச் செய்து, புதிய படலம் உருவாவதைத் தடுக்க முடியும் என்று காட்டினார்கள். நேர் மின்னேற்றம் கொண்ட இந்த மருந்து பல்லின் மேலும் வாயின் உட்தோலின் மேலும் ஒட்டிக்கொண்டு, பல மணி நேரம் சிறிது சிறிதாக வெளியேறுவதே அதன் பலம். புதிய படலம் உருவாகாமல் தடுப்பதில் அது சிறந்தது. முதிர்ந்த படலத்தை உடைப்பதிலோ ஆழமான பைக்குள் நுழைவதிலோ அதற்குத் திறன் இல்லை. ஆகவே ஆழ் சுத்தம் முடிந்து ஈறு புண்ணாக இருப்பதால் சரியாகத் துலக்க முடியாத நாட்களில்தான் அதற்கு இடம்.

0.2 சதவீதக் கரைசலானால் 10 மி.லி., 0.12 சதவீதமானால் 15 மி.லி. எடுத்து, காலையும் இரவும் குப்பியில் அச்சிட்டுள்ள நேரம் வரை (பெரும்பாலும் 30 விநாடி முதல் ஒரு நிமிடம்) கொப்பளித்துத் துப்ப வேண்டும். பலர் செய்யும் பிழை, பற்பசையால் துலக்கியவுடனே கொப்பளிப்பது. பற்பசையில் நுரை வருவதற்காகச் சேர்க்கப்படும் சோடியம் லாரில் சல்பேட் எதிர் மின்னேற்றம் கொண்டது. அது குளோர்ஹெக்சிடினைப் பிடித்துச் செயலிழக்கச் செய்துவிடும். துலக்கிய பின் வாயை நன்றாக அலசிவிட்டு, குறைந்தது அரை மணி நேரம் கழித்தே கொப்பளியுங்கள். அதன்பின் சிறிது நேரம் தேநீரோ காபியோ வேண்டாம்; அவை பல்லில் பழுப்புக் கறை படிவதை விரைவுபடுத்தும். பத்து நாள் கடந்தால் கீழ் முன்பற்களின் உட்பக்கத்திலும் நாக்கின் மேலும் அந்தக் கறை கண்ணுக்குத் தெரியத் தொடங்கலாம். சுவையும், குறிப்பாக உப்புச் சுவை, சிலருக்கு மங்கும். இரண்டும் நிரந்தரமானவை அல்ல. ஆனால் மாதக்கணக்கில் தொடர்ந்து பயன்படுத்தக் கூடாது என்பதற்கு அவையே போதிய காரணங்கள். அரிதாக இம்மருந்துக்குக் கடுமையான ஒவ்வாமை ஏற்படுவதுண்டு. முகம் வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ உடனே அவசர சிகிச்சைக்குச் செல்ல வேண்டும்.

பைக்குள்ளேயே வைக்கும் மருந்து

சுத்தம் செய்து இரண்டு மூன்று மாதம் கழித்து மீண்டும் அளக்கும்போது, பெரும்பாலான இடங்கள் ஆறியிருக்க ஓரிரு மூலைகள் மட்டும் 5 மி.மீ. ஆழத்தில் இரத்தக் கசிவோடு நிற்கலாம். அந்த இடங்களுக்காக உருவானவைதாம் பைக்குள் வைக்கும் மருந்துகள்: 2.5 மி.கி. குளோர்ஹெக்சிடின் கொண்ட ஜெலட்டின் வில்லை, மினோசைக்ளின் நுண்துகள்கள், டாக்சிசைக்ளின் ஜெல் முதலியவை. வில்லை என்பது சிறு நகத்துண்டு அளவே உள்ள, ஆரஞ்சும் பழுப்பும் கலந்த நிறத் தகடு. பல்லைச் சுற்றி உலர்த்திவிட்டு, மருத்துவர் அதைச் சிறு இடுக்கியால் பிடித்து, வட்டமான முனை கீழே போகும்படி பைக்குள் தள்ளுவார். ஈரம் பட்டவுடன் நெகிழ்ந்துவிடும் என்பதால் கை தயங்காமல் வைக்க வேண்டிய பொருள் அது. ஏழு முதல் பத்து நாட்களில் தானே கரைந்துபோகும், எடுக்க வேண்டியதில்லை. அந்த நாட்களில் அந்தப் பல்லிடையில் நூலோ இடைத்துலக்கியோ (பல்லிடையைத் துலக்கும் சிறு தூரிகை) நுழைக்கக் கூடாது. மற்றப் பற்களை வழக்கம்போலத் துலக்கலாம். இலேசான அழுத்த உணர்வு இயல்பு. வலி கூடிக்கொண்டே போனாலோ சீழ் தென்பட்டாலோ மீண்டும் காட்டுங்கள்.

இவற்றால் கிடைக்கும் கூடுதல் பலன் மி.மீ.-இன் பின்னங்களில்தான் அளக்கப்படுகிறது. மீந்துபோன ஓரிரு பைகளுக்கு அது ஏற்கத்தக்கது. வாய் முழுவதும் இருபது இடங்களில் வைப்பதற்கு, என் கருத்தில், நியாயம் இல்லை. அத்தனை இடங்கள் ஆறாமல் இருந்தால் சுத்தம் முழுமையாக நடந்ததா, அன்றாடத் துலக்கல் சரியாக இருக்கிறதா, அறுவை முறையில் திறந்து சுத்தம் செய்ய வேண்டுமா என்ற கேள்விகளுக்குத் திரும்ப வேண்டும். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்தின் ஜெல், சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் மருந்தின் ஜெல் ஆகியவற்றைப் பைக்குள் வைப்பது பற்றி ஆர்வமூட்டும் செய்திகள் வருவதுண்டு. ஐரோப்பியப் பெரியோடான்டாலஜி (ஈறு நோய் மருத்துவம்) கூட்டமைப்பு 2020-இல் வெளியிட்ட சிகிச்சை வழிகாட்டி இவற்றைப் பரிந்துரைக்கவில்லை.

ஆன்டிபயாட்டிக் மாத்திரை: யாருக்கு, ஏன் எல்லோருக்கும் இல்லை

ஈறு வீங்கினால் ஆன்டிபயாட்டிக், வீக்கம் வடிந்தால் மறதி, மீண்டும் வீங்கினால் மீண்டும் ஆன்டிபயாட்டிக் என்று ஆண்டுகளைக் கழிப்பவர்கள் ஏராளம். மனத்தை வருத்தும் பழக்கம் இது. ஒவ்வொரு முறையும் வலி அடங்கும், படலமும் பற்காரையும் அப்படியே இருக்கும், எலும்பு மட்டும் இறங்கிக்கொண்டே போகும். கூடவே மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்கள் உடலில் தங்கும். மேற்சொன்ன 2020 வழிகாட்டி, ஆழ் சுத்தத்துடன் வாய்வழி ஆன்டிபயாட்டிக்கை வழக்கமாகச் சேர்ப்பதை ஏற்கவில்லை. வாய் முழுவதும் பரவிய கடுமையான நோய் கொண்ட இளம் வயதினர் போன்ற சிலருக்கு மட்டும் பரிசீலிக்கலாம் என்கிறது.

அப்படிப்பட்டவர்களுக்கு மிக அதிகம் ஆராயப்பட்ட முறை, அமாக்சிசிலின் 500 மி.கி.யும் மெட்ரோனிடசோல் 400 அல்லது 500 மி.கி.யும் சேர்த்து நாளுக்கு மூன்று வேளை, பொதுவாக ஏழு நாட்கள். மருந்தைத் தொடங்கும் நேரம் முக்கியம்: ஆழ் சுத்தத்தைச் சில நாட்களுக்குள் முடித்து, முடியும் தறுவாயில் மாத்திரை தொடங்க வேண்டும்; உடைந்து சிதறிய படலத்தின் மேல்தான் மருந்து வேலை செய்யும். பென்சிலின் ஒவ்வாமை உள்ளவர்கள் இதை எடுக்கவே கூடாது. மெட்ரோனிடசோல் எடுக்கும் நாட்களிலும் அது முடிந்து மூன்று நாள் வரையிலும் மதுவைத் தவிர்க்க வேண்டும். இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு மெட்ரோனிடசோல் இரத்தக் கசிவு அபாயத்தை வெகுவாகக் கூட்டும்; அதை மருத்துவரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். வாயில் உலோகச் சுவை வருவது எதிர்பார்க்கக்கூடியது. நீர்போன்ற கடும் வயிற்றுப்போக்கு வந்தால் மருந்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் செல்லுங்கள்.

குறைந்த அளவு டாக்சிசைக்ளின்

துணை மருந்துகளில் என் மனத்துக்கு மிகவும் சுவையானது இதுதான், ஏனெனில் இது பாக்டீரியாவைக் கொல்வதற்காகக் கொடுக்கப்படுவதில்லை. ஈறு நோயில் திசுவை அழிப்பது பெரும்பாலும் நம் உடலின் சொந்த நொதிகள். பாக்டீரியாவை எதிர்க்க வரும் வெள்ளணுக்கள் கொலாஜனேஸ் என்ற நொதியைக் கொட்ட, அது பல்லைத் தாங்கும் கொலாஜன் நார்களை அறுக்கிறது. டெட்ராசைக்ளின் குடும்ப மருந்துகள் அந்த நொதியை அடக்கும் என்பதை அமெரிக்க ஆய்வாளர் லோர்ன் கோலப்பும் அவருடைய குழுவினரும் கண்டறிந்தனர். அதிலிருந்து பிறந்ததே 20 மி.கி. டாக்சிசைக்ளினை நாளுக்கு இருமுறை, மூன்று முதல் ஒன்பது மாதம் வரை கொடுக்கும் முறை. அமெரிக்காவில் 1998-இல் இதற்கு அனுமதி கிடைத்தது. நோய்த்தொற்றுக்குக் கொடுக்கும் 100 மி.கி. மாத்திரையைப் பாதியாக உடைத்து இதற்குப் பயன்படுத்தக் கூடாது, 50 மி.கி. என்பது ஆன்டிபயாட்டிக் அளவை நெருங்கிவிடும்.

இந்த மருந்தில் வல்லுநர்கள் ஒன்றுபடவில்லை. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2015-இல் இதை ஆதரித்தது. ஆழ் சுத்தம் மட்டும் தரும் சராசரிப் பற்றுதல் முன்னேற்றம் (ஈறு மீண்டும் பல்லோடு ஒட்டும் அளவு) சுமார் 0.5 மி.மீ. என்றும், இம்மருந்து அதற்கு மேல் சுமார் 0.35 மி.மீ. கூட்டும் என்றும் அது கணக்கிட்டது. ஐரோப்பிய வழிகாட்டியோ, மாதக்கணக்கில் எடுக்க வேண்டியிருப்பதையும் பக்கவிளைவுகளையும் எடைபோட்டு வேண்டாம் என்றது. ஒரு மி.மீ.-இல் மூன்றில் ஒரு பங்குக்காக ஒன்பது மாதம் மாத்திரை சாப்பிடுவதா என்று கேட்டால், நோய் வேகமாகப் பரவும் வயதில், மற்ற எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் ஆறாத ஒருவருக்கு அது பேசிப் பார்க்கத் தக்க வழி. மற்றவர்களுக்குத் தேவையில்லை என்பதே என் நிலை.

எடுக்க முடிவானால், முழுத் தம்ளர் தண்ணீரோடு, நிமிர்ந்து உட்கார்ந்து விழுங்குங்கள். படுக்கப் போகும் தறுவாயில் விழுங்கினால் மாத்திரை உணவுக்குழாயில் தங்கிப் புண்ணாக்கும். வெயிலில் தோல் எளிதில் சிவக்கும். கர்ப்பிணிகளுக்கும், பால் கொடுப்பவர்களுக்கும், எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் இது ஏற்றதல்ல. இரும்பு, கால்சியம், மக்னீசியம், துத்தநாகம் ஆகியவை டாக்சிசைக்ளினைக் குடலிலேயே கட்டிப்பிடித்து உடலில் சேரவிடாமல் செய்யும். ஈற்றுக்கு நல்லது என்று வாங்கிய, பல சத்துகள் சேர்ந்த மாத்திரையே ஈற்றுக்கான மருந்தைக் கெடுத்துவிடும் என்பதால், இரண்டுக்கும் இடையே குறைந்தது இரண்டு மூன்று மணி நேரம் விடுங்கள். வயிற்று அமிலத்துக்கான மருந்துக்கும் இதே விதி.

ஊட்டச்சத்துகள்: குறையிருந்தால் நிரப்புங்கள்

ஈற்றையும் வைட்டமின் சி-யையும் இணைக்கும் கதை பழையது. 1747-இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர், வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோய் கொண்டவர்களை இருவர் இருவராகப் பிரித்து வெவ்வேறு பொருட்களைக் கொடுத்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் பெற்ற இருவரே விரைவில் எழுந்து நடந்தார்கள். கொலாஜன் நார் முறுக்கேறி உறுதிபெற வைட்டமின் சி தேவை. அது அறவே இல்லாதபோது ஈறு பஞ்சுபோல் வீங்கி இரத்தம் கசியும், பல் ஆடும். ஆனால் அந்தக் கப்பலில் இருந்தவர்களுக்கு இருந்தது சத்துக்குறை. போதிய அளவு சாப்பிடுபவருக்கு மேலும் மேலும் கொடுத்தால் ஈறுப் பை சுருங்கும் என்று அதிலிருந்து முடிவு செய்ய முடியாது. ஆழ் சுத்தத்தோடு வைட்டமின் சி சேர்த்த ஆய்வுகளின் முடிவுகளும் ஒன்றுபோல் இல்லை. வளர்ந்த ஆண்களுக்கு நாளுக்கு 90 மி.கி., பெண்களுக்கு 75 மி.கி., புகைப்பவர்களுக்குக் கூடுதலாக 35 மி.கி. என்பது அமெரிக்க ஊட்டச்சத்துப் பரிந்துரை. பழமும் காய்கறியும் அன்றாடம் உண்பவர்களுக்கு இது உணவிலேயே கிடைக்கும். உணவு மிகவும் குறுகியவர்கள், நீண்ட காலம் புகைத்தவர்கள், தோலில் எளிதில் கன்றும் காயம் உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டு மாத்திரை எடுக்கலாம். நாளுக்கு 2,000 மி.கி.யைத் தாண்டக் கூடாது. சிறுநீரகக் கல் வந்தவர்கள் அதற்கு வெகு கீழேயே நிற்க வேண்டும். மெல்லும் வகை வேண்டாம்: அது அமிலம், ஈறு இறங்கி வெளியே தெரியும் வேரை அன்றாடம் அமிலத்தில் நனைப்பதாகிவிடும். விழுங்கும் மாத்திரையே நல்லது.

வைட்டமின் டி-யில் ஊகத்துக்கு வேலையில்லை, இரத்தப் பரிசோதனை இருக்கிறது. 25-ஹைட்ராக்சி வைட்டமின் டி ஒரு மி.லி.-க்கு 20 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைபாடு என்று பரவலாகக் கொள்ளப்படுகிறது. அதை மருத்துவர் சொல்லும் அளவில் நிரப்புவது எலும்புக்கே தேவையான ஒன்று, தாடை எலும்பும் எலும்புதான். அளவு சரியாக இருப்பவர்கள் நாளுக்கு 4,000 சர்வதேச அலகுக்கு மேல் தாமாக எடுக்கக் கூடாது. மிகுந்தால் இரத்தத்தில் கால்சியம் ஏறும்.

ஒமேகா-3 கொழுப்பு அமிலங்களிலிருந்து உடல், அழற்சியை முடித்துவைக்கும் ரிசால்வின் என்ற பொருட்களை உருவாக்குகிறது. 2010-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆழ் சுத்தத்துடன் ஒமேகா-3-யும் நாளுக்கு 81 மி.கி. ஆஸ்பிரினும் ஆறு மாதம் பெற்றவர்களின் பை ஆழம் மற்றவர்களைவிடக் கூடுதலாகக் குறைந்தது. நம்பிக்கை தரும் திசை இது. ஆயினும் ஐரோப்பிய வழிகாட்டி இன்னும் இதைப் பரிந்துரைக்கும் அளவுக்கு வரவில்லை. மீன் உண்பவர்கள் வாரத்தில் இரண்டு முறை உண்பதில் இழப்பொன்றும் இல்லை. ஆஸ்பிரினை மட்டும் ஈற்றுக்காக யாரும் தாமாகத் தொடங்க வேண்டாம், வயிற்றிலும் மூளையிலும் இரத்தக் கசிவு ஏற்படுத்தக்கூடிய மருந்து அது.

கோஎன்சைம் க்யூ10, மெலடோனின், லாக்டோபேசில்லஸ் ரியூட்டரி என்ற நன்மை தரும் பாக்டீரியா கலந்த மிட்டாய்கள் ஆகியவற்றுக்கு ஆதரவாகச் சிறிய, குறுகிய கால ஆய்வுகள் உள்ளன. அவற்றுக்காகக் காத்திருக்கலாம், செலவழிக்க வேண்டியதில்லை. துத்தநாகத்தை நாளுக்கு 40 மி.கி.-க்கு மேல் நீண்ட நாள் எடுத்தால் உடலில் தாமிரம் குறையும். ஃபெனிடாயின் எடுப்பவர்கள் ஃபோலிக் அமிலத்தை அதிக அளவில் தாமாகச் சேர்த்தால் வலிப்பு மருந்தின் அளவு இரத்தத்தில் இறங்கக்கூடும்.

ஒரே நேரத்தில் ஒன்று, முடியும் தேதியோடு

நான்கு துணைகளை ஒரே வாரத்தில் தொடங்கினால், எது உதவியது, எது வயிற்றைக் கெடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆழ் சுத்தம் முடிந்த நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். குளோர்ஹெக்சிடின் தொடங்கினால் அந்தக் குப்பியின் மேலேயே நிறுத்தும் தேதியை எழுதுங்கள். அது பதினான்காம் நாள். இடைத்துலக்கியை அந்த இரண்டு வாரத்துக்குள் பழகிவிடுங்கள்: பல்லிடையில் இலேசாக உரசிச் செல்லும் அளவுள்ளதைத் தேர்ந்தெடுத்து, கம்பி பல்லில் இடிக்காதபடி, ஒவ்வோர் இடைவெளியிலும் சில முறை முன்னும் பின்னும் இழுங்கள். முதல் வாரம் தூரிகையில் இரத்தம் தெரியும். பயந்து நிறுத்துபவர்களுக்கு அது நிற்காமல் வரும், தொடர்பவர்களுக்குப் பெரும்பாலும் குறைந்துகொண்டே வரும். சத்துக்குறை இருப்பது பரிசோதனையில் தெரிந்தால் அதை நிரப்புவதும் இந்தக் காலத்திலேயே தொடங்கலாம்.

மூன்றாம் மாதம் பழைய அட்டவணையை எடுத்துச் சென்று மீண்டும் ஆறு இடங்களிலும் அளக்கச் சொல்லுங்கள். எதிர்பார்க்க வேண்டியது, 4 மி.மீ. அல்லது அதற்குக் குறைவான ஆழம், தொட்டால் இரத்தம் வராத ஈறு. அங்கே வந்துவிட்ட இடங்களுக்கு இனி எந்த மருந்தும் வேண்டாம். நோயின் கடுமையைப் பொறுத்து மூன்று மாதம் முதல் ஓராண்டு வரையிலான இடைவெளியில் பராமரிப்புச் சுத்தம் மட்டும் போதும். 6 இருந்த மூலையில் இன்னும் 5-உம் சிவப்புப் புள்ளியும் இருந்தால், வில்லையா, மீண்டும் ஒரு சுத்தமா, அறுவையா என்று அந்த ஒரு மூலையைப் பற்றி மட்டும் மருத்துவரோடு உட்கார்ந்து பேசுங்கள்.